ஃபேபியன் புருன்ஸ்ட்ரோம் ‘யங் கன்ஸ்’ ரூக்கி கார்டு: யார் வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்பர் டெக் நிறுவனத்தின் 2008-09 ஐஸ் ஹாக்கிக் கார்டுத் தொகுப்பில் வந்த, ஸ்வீடன் வீரர் ஃபேபியன் புருன்ஸ்ட்ரோமின் ‘யங் கன்ஸ்’ ரூக்கி கார்டை (லீக்குக்குப் புதிதாக வந்த வீரருக்கு அச்சாகும் முதல் கார்டு), நாளைக்கு விலை ஏறும் என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம். ஏறுவதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனால் ஐஸ் ஹாக்கியின் மிக அழகான அறிமுக இரவுகளில் ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு, சில டாலர் செலவில் இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம். கார்டு சேகரிக்கப் பழகுகிறவருக்கும் இது பொருத்தம். பார்த்து வாங்குவது, உறை போடுவது, பத்திரப்படுத்துவது எல்லாவற்றையும் இதில் பழகிக்கொள்ளலாம். தப்பு நடந்தாலும் போவது அந்தச் சில டாலர்தான்.

அந்த இரவு 2008 அக்டோபர் 15. டல்லாஸ் ஸ்டார்ஸ் தன் சொந்த அரங்கில் நாஷ்வில் பிரிடேட்டர்ஸை 6-4 என்று வென்றது. ஆறில் மூன்று கோல் புருன்ஸ்ட்ரோம் அடித்தவை. வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஹாட்ரிக் என்றால் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட். ஐஸ் ஹாக்கியில் அந்த நிபந்தனை கிடையாது. ஒரே ஆட்டத்தில் ஒருவர் மூன்று கோல் அடித்தால் போதும், நடுவில் வேறு யார் அடித்திருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது கோல் விழுந்ததும் ரசிகர்கள் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றி ஐஸ் மீது வீசுவார்கள். ஊழியர்கள் வந்து அள்ளி முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும். முதல் ஆட்டம் ஆடும் ஒருவருக்காக இப்படித் தொப்பி விழுவது அபூர்வத்திலும் அபூர்வம்.

எவ்வளவு அபூர்வம் என்றால், அவருக்கு முன் இரண்டே பேர். 1943 ஜனவரி 14 அன்று மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் அலெக்ஸ் ஸ்மார்ட். 1979 அக்டோபர் 10 அன்று கியூபெக் நார்டிக்ஸ் அணியின் ரியல் க்ளூட்டியே. லீக் தொடங்கிய 1917 டிசம்பர் 19-ம் தேதியை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்று ஆடிய எல்லோருக்குமே முதல் ஆட்டம். ஜோ மலோனும் ஹாரி ஹைலண்டும் ஆளுக்கு 5 கோல் அடித்தார்கள். க்ளூட்டியேயும் சரியான புதுமுகம் இல்லை. டபிள்யூ.எச்.ஏ. என்ற போட்டி லீக்கில் ஏற்கெனவே ஐந்து சீசன் ஆடி, இரண்டு முறை அதிகப் புள்ளி எடுத்தவர். அந்த லீக் கலைந்தபோது அணியோடு சேர்ந்து என்.எச்.எல்.லுக்கு வந்தார். ஆக, பெரிய லீக்கில் பழக்கமில்லாமல் வந்து முதல் இரவிலேயே மூன்று கோல் அடித்தவர் என்று பார்த்தால், ஸ்மார்ட்டுக்கு அடுத்து 65 ஆண்டு கழித்து வந்தவர் புருன்ஸ்ட்ரோம்தான்.

இந்தக் கார்டு வெளிவந்தபோது அதைச் சுற்றி இருந்த பரபரப்பைப் புரிந்துகொள்ள, அவர் வந்த வழியையும் பார்க்க வேண்டும். என்.எச்.எல்.லில் இளம் வீரர்களை 18 வயதை ஒட்டி ‘டிராஃப்ட்’ முறையில் அணிகள் பங்கிட்டுக்கொள்ளும். ஸ்வீடனில் 1985-ல் பிறந்த புருன்ஸ்ட்ரோமை ஒரு டிராஃப்டிலும் யாரும் எடுக்கவில்லை. கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர், 2007-08-ல் ஃபார்யெஸ்டாட் அணிக்காக ஸ்வீடனின் முதல்நிலை லீக்கில் இறங்கி 54 ஆட்டங்களில் 37 புள்ளி எடுத்தார். டிராஃப்டில் எடுக்கப்படாதவர் என்பதால் எந்த அணி வேண்டுமானாலும் அவரோடு ஒப்பந்தம் போடலாம், பதிலுக்கு வீரரையோ டிராஃப்ட் இடத்தையோ விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. டெட்ராய்ட், வான்கூவர், மான்ட்ரியால், டொராண்டோ என்று பெரிய அணிகள் எல்லாம் வலைவீசின. 2008 மே மாதம் டல்லாஸ் அவரைப் பிடித்தது.

அந்த 37 புள்ளியைச் சற்றுப் பிரித்துப் பார்த்திருந்தால் வாங்கியவர்கள் நிதானித்திருப்பார்கள். ஐஸ் ஹாக்கியில் கோலுக்கும் 1 புள்ளி, கோலுக்கு வழிவகுத்த அசிஸ்ட்டுக்கும் 1 புள்ளி. அந்த 37-ல் கோல் 9-தான். மீதி 28 அசிஸ்ட். அதாவது அவர் பிறருக்குப் பக்கை (ஐஸ் மேல் அடித்து ஆடும் ரப்பர் வட்டு) அமைத்துக் கொடுக்கும் வகை ஆட்டக்காரர். முதல் இரவின் மூன்று கோல் எல்லோர் மனதிலும் அவரைக் கோல் அடிப்பவராகப் பதித்துவிட்டது. கார்டின் விலையும் அந்தப் பிம்பத்தின் மேல்தான் ஏறியது.

அடுத்து நடந்ததை எண்களிலேயே பார்க்கலாம். 2008-09: 55 ஆட்டம், 17 கோல், 12 அசிஸ்ட். 2009-10: 44 ஆட்டம், 2 கோல், 9 அசிஸ்ட். 2011-12-ல் டெட்ராய்ட் அணிக்காக 5 ஆட்டம், 1 அசிஸ்ட். மொத்தம் 104 ஆட்டம், 19 கோல், 41 புள்ளி. வாழ்நாள் கோல் 19-ல் மூன்று முதல் நாளிலேயே வந்தவை, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இரண்டு சீசனுக்கும் இடையே டல்லாஸ் அணியில் பயிற்சியாளர் மாறினார். 2009 கோடையில் டேவ் டிப்பெட் போய் மார்க் க்ராஃபர்ட் வந்தார். 2011 ஜனவரியில் புருன்ஸ்ட்ரோம் டொராண்டோவுக்குக் கைமாறினார், ஆனால் அந்த அணியின் மேல்நிலை ஆட்டம் எதிலும் அவர் இறங்கவில்லை. கீழ்நிலை அணியான மார்லீஸுக்காக ஆடினார். டெட்ராய்டுக்குப் பிறகு ஸ்வீடன் திரும்பிவிட்டார்.

இந்தக் கார்டின் பெறுமதி என்னவென்று புரிய, அதே தொகுப்பின் இன்னொரு கார்டைப் பக்கத்தில் வையுங்கள்: எண் 245, டாம்பா பே அணியின் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ். 2008 டிராஃப்டின் முதல் தேர்வு. அவருடைய முதல் கோலுக்கு அக்டோபர் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் சீசனில் ஸ்டாம்கோஸ் 79 ஆட்டங்களில் 23 கோல். ஆட்டத்துக்கு 0.29. புருன்ஸ்ட்ரோமின் 55-ல் 17 என்பது ஆட்டத்துக்கு 0.31. அதாவது அந்த ஒரு சீசனை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆட்டக் கணக்கில் கோல் அடிப்பதில் புருன்ஸ்ட்ரோம் ஒரு மயிரிழை முன்னால் இருந்தார்! 2009-10-ல் ஸ்டாம்கோஸ் 51 கோல், புருன்ஸ்ட்ரோம் 2. ஒரே அச்சகத்தில், ஒரே அளவில், ஒரே விகிதத்தில் பாக்கெட்டில் போடப்பட்ட இரண்டு கார்டுகள். இன்று ஒன்று கண்ணாடிப் பெட்டியில், மற்றொன்று கடையின் சில்லறைப் பெட்டியில். ரூக்கி கார்டு வாங்குவது என்றால் என்ன என்பதை இந்த ஜோடியைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது. இதற்காகவே இந்தக் கார்டை வாங்கச் சொல்கிறோம்.

சரி, பொருளுக்கு வருவோம்.

‘யங் கன்ஸ்’ என்பது அப்பர் டெக்கின் பிரதான ஹாக்கித் தொகுப்பில் புதுமுகங்களுக்கு ஒதுக்கிய பகுதி. 1990-91-ல் தொடங்கியது. வழக்கமான அமைப்பில் சீரிஸ் 1, சீரிஸ் 2 என்று இரண்டு வெளியீடு. ஒவ்வொன்றிலும் 200 சாதாரணக் கார்டும் 50 யங் கன்ஸும். முழுத் தொகுப்பு 500 கார்டு. யங் கன்ஸ் கார்டு நான்கு பாக்கெட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வரும். பெட்டிக்கு 24 பாக்கெட், பாக்கெட்டுக்கு 8 கார்டு என்ற கணக்கில் ஒரு பெட்டியில் 6 யங் கன்ஸ்.

இந்தக் கணக்கை வைத்தே முதல் அறிவுரை: குறிப்பிட்ட ஒருவரின் கார்டு வேண்டுமென்றால் பெட்டி உடைத்துத் தேடாதீர்கள். 50 பேரில் ஒருவர், நான்கு பாக்கெட்டுக்கு ஒரு யங் கன்ஸ். சராசரியாக 200 பாக்கெட், அதாவது 8 பெட்டிக்கு மேல், 1,600 கார்டு பிரித்தால் ஒன்று கிடைக்கும். ஸ்டாம்கோஸ், ட்ரூ டௌட்டி போன்றவர்கள் அறிமுகமான ஆண்டு என்பதால் பிரிக்காத 2008-09 பெட்டிகளுக்கு இன்றும் நல்ல விலை. தனிக் கார்டாக வாங்குவதுதான் புத்தி.

தனியாகத் தேடும்போது ஒரே முகத்துக்குப் பல வடிவம் இருப்பது குழப்பும். சாதாரண யங் கன்ஸ் கார்டில் வரிசை எண் முத்திரை இருக்காது. ‘எக்ஸ்க்ளூசிவ்ஸ்’ என்ற மாற்று வடிவம் 100 பிரதி மட்டும். ஒவ்வொன்றிலும் 37/100 என்பதுபோல் எண் பொறித்திருக்கும். ‘ஹை க்ளாஸ்’ (High Gloss) 10 பிரதி மட்டும். விற்பனைத் தலைப்பில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று எழுதிவிட்டு, படத்தில் எண் பொறிப்பு தெரியவில்லை என்றால் அது சாதாரணக் கார்டு. அதே ஆண்டில் இதே நிறுவனம் வேறு பெயர்களில் வெளியிட்ட மலிவுத் தொகுப்புகளின் ரூக்கி கார்டும் சந்தையில் உண்டு. அவையும் உண்மையான கார்டுதான், ஆனால் யங் கன்ஸ் அல்ல. ‘ரூக்கி’ என்ற சொல்லை மட்டும் பார்க்காமல், கார்டின் முகத்தில் ‘யங் கன்ஸ்’ என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட வடிவம் வேண்டுமென்றால், கையெழுத்து நேரடியாகக் கார்டின் மேல் இருக்கிறதா, ஒளிபுகும் ஸ்டிக்கரில் போட்டு ஒட்டியதா என்று கேளுங்கள். இரண்டும் அசல்தான். ஆனால் சேகரிப்பவர்கள் மதிப்பது நேரடிக் கையெழுத்தை. ஸ்டிக்கர் என்றால் வீரர் அந்தக் கார்டைத் தொட்டிருக்கவே மாட்டார்.

விலை மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: உறையிலிருந்து எடுத்த நிலையில் முன்பக்கம், பின்பக்கம், விளக்கொளியில் சாய்த்துப் பிடித்த முன்பக்கம், நான்கு மூலையும் தெரியும் ஒரு கிட்டப்படம். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து எடுத்த படத்தில் உறையின் கீறலா, கார்டின் கீறலா என்று யாராலும் சொல்ல முடியாது.

கார்டு கைக்கு வந்ததும் பார்க்கும் வரிசை இது. முதலில் அளவு: 63.5 மில்லிமீட்டர் அகலம், 88.9 மில்லிமீட்டர் உயரம். அதே தொகுப்பின் சாதாரணக் கார்டு ஒன்றின் மேல் வைத்து நான்கு பக்கமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால், தேய்ந்த ஓரத்தை யாரோ பிளேடால் சீவியிருக்கலாம். அடுத்தது சென்டரிங், அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா என்பது. இடது ஓரம் 2 மில்லிமீட்டர், வலது ஓரம் 3 மில்லிமீட்டர் என்றால் 40/60. கண்ணுக்கு உறுத்தாது, ஆனால் கார்டின் நிலைக்கு நிறுவனங்கள் மதிப்பெண் போடும் கிரேடிங்கில் உச்ச மதிப்பெண்ணுக்கு அதுவே இடறும். படம் ஓரம்வரை ஓடும் கார்டில் அளக்கப் பட்டை இருக்காது. அப்போது பின்பக்கத்தின் கட்டங்களை வைத்து அளக்க வேண்டும்.

பிறகு மூலைகள். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் போதும், நகைக்கடையில் வைத்திருப்பார்களே அதே சாமான். மூலை ஊசிமுனைபோல முடிய வேண்டும். முனை மழுங்கி, காகித நார் வெள்ளையாகப் பிசிறு தட்டியிருந்தால் அது பலமுறை உறைக்குள் போய் வந்த கார்டு. ஓரங்களை ஒவ்வொன்றாக, கறுப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள். அடர்நிற அச்சு உள்ள இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் உப்புக்கல் சிந்தியதுபோல் தெரியும். இது பெரும்பாலும் ஆலையில் வெட்டும்போதே வருவது. கத்தியின் கூர் மங்கியிருந்தால் காகிதம் அறுபடாமல் கிழிபடும், மேலே பூசிய மை உதிரும்.

கடைசியாக மேற்பரப்பு. ஜன்னல் வெளிச்சம் போதாது; ஒற்றை மேசை விளக்கின் கீழ் கார்டை 30 டிகிரி அளவுக்குச் சாய்த்து, ஒளிப்பட்டை மேலிருந்து கீழே நகரும்படி மெதுவாக ஆட்டுங்கள். பளபளப்பின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ஒரு மெல்லிய நேர்கோடு தெரிந்தால் அது அச்சு உருளை விட்ட தடம். குழிபோல் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தால், கார்டுகள் அடுக்கி அழுத்தப்பட்டபோது நடுவில் தூசி சிக்கியிருக்கிறது. இரண்டையும் சரிசெய்ய வழியில்லை. துடைக்கிறேன் என்று துணியை எடுக்காதீர்கள். விரல் ரேகை மட்டும் என்றால் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், ஒரே திசையில் ஒரு தடவை. தண்ணீர், ஸ்பிரே, எச்சில் எதுவும் கூடாது. பூச்சின் ஓரம் ஊறி உப்பிவிடும்.

போலி பயம் இந்தக் கார்டுக்கு ஏறக்குறைய இல்லை. கள்ள அச்சு அடிப்பவர்கள் சிட்னி கிராஸ்பி, கானர் மெக்டேவிட் மாதிரியான நட்சத்திர வீரர்களின் கார்டைத்தான் அடிப்பார்கள். சில டாலர் கார்டை அடித்து அச்சுக்கூலிக்குக்கூடக் கட்டாது. ஆனால் போலியைக் கண்டுபிடிக்கும் கண்ணைப் பழக்க, சந்தேகமில்லாத இந்த அசல் கார்டே நல்ல பாடம். லூப்பில் பார்த்தால் படத்தின் நிறங்கள் சின்னச் சின்னப் புள்ளிகள் ரோஜா இதழ்போல் வட்டமாக அடுக்கியதாகத் தெரியும். எழுத்துகளோ புள்ளியில்லாமல் கூர்மையான விளிம்போடு நிற்கும். போலியில் பெரும்பாலும் ஏற்கெனவே அச்சான கார்டை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடுவதால், எழுத்தின் விளிம்பிலும் புள்ளி மேயும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை அசலில் பார்த்துவிட்டால் மறக்காது.

இனி கிரேடிங். பி.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கார்டைப் பரிசோதித்து 10-க்கு மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகின்றன. பெக்கெட் முறையில் சென்டரிங், மூலை, ஓரம், மேற்பரப்பு நான்குக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு, 9.5 வந்தாலே பெரிய விஷயம். இந்தக் கார்டுக்குக் கிரேடிங் வேண்டாம். கட்டணமும் போகவர அஞ்சல் செலவும் கார்டின் விலையைப் போல் பலமடங்கு. 10 வாங்கிவந்தாலும் போட்ட காசு திரும்புவது சந்தேகம். ஏற்கெனவே கிரேடிங் ஆன ஒன்று மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். 2008-ன் ஆரவாரத்தில் நம்பிக்கையோடு பணம் கட்டி அடைத்தவர்கள் பலர். அந்தச் செலவை அவர்கள் செய்துவிட்டார்கள், நீங்கள் மறுபடி செய்ய வேண்டாம்.

பாதுகாக்கும் முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன் மேல் டாப்லோடர் என்ற கெட்டியான உறை. ஸ்லீவ் இல்லாமல் டாப்லோடரில் நேரே செருகினால் உள்ளே இருக்கும் தூசி கார்டின் முகத்தில் கோடு போடும். பழைய கார்டில் பார்க்கும் மூலைச் சேதத்தில் பாதி ஸ்லீவுக்குள் நுழைக்கும்போது ஏற்படுவது. ஸ்லீவின் வாய்ப்பக்கம் ஒரு மூலையில் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிவிட்டால், கார்டின் கீழ் மூலைகள் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். டாப்லோடர் வாயை மூட நீலநிற பெயின்டர் டேப், முனையைச் சிறிது மடித்துப் பிடி விட்டு. சாதாரண செல்லோ டேப் போட்டால் எடுக்கும்போது பசை ஒட்டும், அந்தப் பசை கார்டுக்கும் தாவும். அஞ்சலில் அனுப்பும்போது இரண்டு அட்டைத் துண்டுக்கு நடுவே வைத்துக் குமிழ் உறையில் போடுங்கள். வெறும் கடித உறையில் வந்த கார்டு தபால் இயந்திரத்தின் உருளையில் வளைந்துவிடும். அந்த மடிப்புக்கு மருந்து கிடையாது.

திருகாணி போட்டு இறுக்கும் பழைய அக்ரிலிக் பெட்டிகளைத் தவிருங்கள். இறுக்க இறுக்கக் கார்டின் பளபளப்புப் பூச்சு நசுங்கிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டும். ஆல்பம் தாள் வாங்கும்போது பி.வி.சி. அல்லாத, பாலிப்ரொப்பிலீன் 9 அறைத் தாள் கேட்டு வாங்குங்கள். சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு மாதிரி கடல்காற்று ஊர்களில் வைத்திருப்பவர்களுக்கு ஈரப்பதம்தான் முதல் எதிரி. பளபளப்புக் கார்டு இரண்டை உறையில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டியதை நகத்தால் பிரித்தால் முகம் உரிந்துவரும். ரப்பர் பட்டை வைத்த காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரமானி 45 முதல் 50 சதவீதம் காட்டினால் நிம்மதி. கனடாவில் இருப்பவர்களுக்குக் கவலை நேர் எதிர். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கார்டு வில்லாக வளையும். ஹீட்டர் வாய்க்குப் பக்கத்திலும் வெயில் படும் அலமாரியிலும் வேண்டாம். கையெழுத்துக் கார்டு என்றால் வெயிலில் நீல மை முதலில் மங்கும்.

டொராண்டோவை ஒட்டிய ஸ்காபரோவிலும் மார்க்கமிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு டிம் ஹோர்டன்ஸ் கடையில் காபியோடு விற்கும் ஹாக்கிக் கார்டு பாக்கெட்டுகள் நன்றாகத் தெரியும். அவையும் அப்பர் டெக் தயாரிப்புதான், 2015-16-லிருந்து வருகின்றன. அதில் பழகிய பிள்ளைக்கு முதல் யங் கன்ஸ் வாங்கித் தர நினைப்பவர்கள், இப்போது பேசப்படும் புதுமுகத்தின் கார்டுக்குப் பெரிய தொகை கொடுப்பதைவிட புருன்ஸ்ட்ரோமில் தொடங்கலாம். கையாளப் பழகும் வயதில் மூலை மழுங்கினாலும் யாரும் திட்ட வேண்டியிருக்காது.

விலை ஏன் பூஜ்யம் ஆகவில்லை என்று கேட்கலாம். மூன்று வகை ஆட்கள் இன்னும் வாங்குகிறார்கள்: 500 கார்டையும் முழுதாகச் சேர்ப்பவர்கள், டல்லாஸ் அணிக் கார்டு மட்டும் சேர்ப்பவர்கள், ஸ்வீடன் வீரர்களைச் சேர்ப்பவர்கள். முதல் வகைக்குப் புருன்ஸ்ட்ரோமும் வேண்டும், ஸ்டாம்கோஸும் வேண்டும். விற்க வேண்டி வந்தால் இவர்களிடம்தான் போக வேண்டும். பொதுக் கடையில் கொடுத்தால் சில்லறைப் பெட்டி விலைதான் சொல்வார்கள்.

அறிமுக ஹாட்ரிக் என்ற கோணத்தில் சேர்க்கத் தோன்றினால் அவருக்குப் பின் வந்தவர்கள் உண்டு. 2010 அக்டோபர் 9, நியூயார்க் ரேஞ்சர்ஸின் டெரெக் ஸ்டெப்பன். 800-க்கும் மேற்பட்ட ஆட்டம் ஆடிய நீண்ட வாழ்க்கை, கார்டும் மலிவு. 2016 அக்டோபர் 12, டொராண்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் நான்கு கோல் அடித்தார், அணி 5-4 என்று தோற்றது. அவருடைய யங் கன்ஸ் கார்டு, எண் 201, நல்ல நிலையில் வேண்டுமென்றால் பர்ஸைப் பதம் பார்க்கும். 2019 ஏப்ரல் 6, மான்ட்ரியாலின் ரயன் போலிங் சீசனின் கடைசி ஆட்டத்தில் டொராண்டோவுக்கு எதிராக மூன்று கோல், மேலாக சமநிலையை முறிக்கும் ஷூட்அவுட்டில் வெற்றி கோலும். ஆட்டத்தில் இறங்கிய பிறகே ரூக்கி கார்டு என்பதால் அவருடைய யங் கன்ஸ் 2019-20 தொகுப்பில்தான் வந்தது. 2018-19 பெட்டியில் அதைத் தேடினால் கிடைக்காது. அந்த 2019-20 சீசனில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல்.

இந்த வரிசையில் மனதை வருத்தும் இடம் முதலாமவருடையது. அலெக்ஸ் ஸ்மார்ட் ஆடியது மொத்தம் 8 ஆட்டம். 5 கோல், 2 அசிஸ்ட், அத்தோடு சரி. அவருக்கு அந்தக் காலத்து ரூக்கி கார்டு தேடினால் கிடைக்காது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கார்டு அச்சு நின்றுபோய், 1940-41-க்குப் பிறகு 1951-52-ல் பார்க்ஹர்ஸ்ட் வரும்வரை பெரிய ஹாக்கிக் கார்டுத் தொகுப்பு எதுவும் வெளிவரவில்லை. சரித்திரத்தில் முதன்முதலில் இந்தச் சாதனையைச் செய்தவருக்கு அன்றைய கார்டு ஒன்றுகூட இல்லை. புருன்ஸ்ட்ரோமின் கார்டைச் சில்லறைப் பெட்டியில் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அவருக்காவது ஒன்று அச்சானது, அதுவும் ஆயிரக்கணக்கில்.

வாங்கியவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. என்.எச்.எல். தளத்தில் 2008 அக்டோபர் 15 ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ ஆட்டக் குறிப்பு இருக்கிறது. எந்தக் கோல் எந்த நிமிடம், யார் கொடுத்தது என்று எல்லாம் அதில் உண்டு. அமிலமில்லாத தாளில் அச்சிட்டு, மடித்து, ஆல்பத் தாளில் கார்டு இருக்கும் அறைக்குப் பின்னாலுள்ள அறையில் வையுங்கள். செய்தித்தாள் துணுக்கு வேண்டாம். பழுக்கும், பழுப்பு கார்டுக்கும் இறங்கும். பக்கத்து அறையில் 245-ம் எண் ஸ்டாம்கோஸ். அதை வாங்க இப்போது கையில் காசு இல்லையென்றால், அந்த அறையைக் காலியாகவே விட்டுவையுங்கள்.